பிழையான ரோட்டில் போன ஞாயிறு

இன்று காலை ஸ்பிரிங்வேல் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வரும்போது, கார் தரிப்பிடத்தில் மிகப் பழைய கார் ஒன்று என்ஜின் தெரியப் பொனற்றைத் திறந்தபடி நின்றது. சூடான ஒயிலும் தோல் இருக்கையும் சேர்ந்த அந்த மணம். மீன் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். என்னைவிட்டு நீர் போய் இத்தனை வருசத்தில் உமக்கு ஒரு வரி எழுதவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேணுக்கு வந்து சேர்ந்த புதிதில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி நீர். உமக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை, எனக்குப் பள்ளிக்கூடத்தில். ஏதோ ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த காரை நீர் இழுத்துவந்தபோது உம்முடைய கணவர் இரண்டு நாள் பேசவில்லை. எங்கள் அப்பாமார் பிள்ளைகளாக இருந்த காலத்துக் கார். அதை ஓடவைக்க உமக்கு ஒன்றரை வருசம் பிடித்தது.

பிறகு எங்கள் பகுதிப் பழைய கார்க் கழகத்தில் சேர்ந்தோம். முதல் நாளே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உன் கணவர் எங்கே?" என்று கேட்டார். "வீட்டில் சமைக்கிறார்" என்றீர். அந்த மனுசன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி சேட்டெல்லாம் ஊற்றுப்பட்டது.

மாதத்தில் ஒரு ஞாயிறு கழக ஓட்டம்; எல்லாரும் தங்கள் பழைய கார்களில் ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்து சாப்பிடுவோம். எங்கே திரும்புவது என்று ஒரு தாள் தருவார்கள். வழியில் கண்டுபிடிக்கச் சில கேள்விகளும் இருக்கும். நீர் ஓட்டுவீர், நான் வாசிப்பேன்.

"அந்தக் கேற் என்ன நிறம்?"

"நான் ரோட்டைப் பாக்கிறதோ, கேற்றைப் பாக்கிறதோ? நீர் பாத்துச் சொல்லும்!"

த பேசின் என்ற ஊருக்கு, மலையடிவாரத்துக்குப் போன அந்தக் கடைசி ஓட்டத்தில் மட்டும் நீர் கார்த் திறப்பை என் கையில் தந்தீர். "இண்டைக்கு நீர் ஓடும். நான் வாசிக்கிறன்." எனக்கு வந்த சந்தோசத்தில் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

ஒரு திருப்பத்தைத் தவறவிட்டீர். அடுத்ததையும் விட்டீர். ஒரு மண்ரோட்டில் இறங்கி வெகுதூரம் போனபின்தான் அது எங்கள் வழியில்லை என்று தெரிந்தது. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு போய்ச் சேர்ந்தோம்.

"வாசிக்க ஏலாட்டி ஏன் தாளை வாங்கினனீர்?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"ஓம், பிழை என்ரதான்" என்று தாளை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தீர். அதன்பிறகு உமக்கு நான் ரெலிபோன்கூட எடுக்கவில்லை.

மூன்று கிழமையில் உம்முடைய கணவர்தான் பேசினார். தலைக்குள் கட்டி. இரண்டு மாதமாகவே உமக்கு எழுத்துகள் கலங்கித்தான் தெரிந்தனவாம்.

ஆஸ்பத்திரியில் உமது கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் என்னை வீட்டில படுக்க வைச்சிருப்பீர். எனக்கு இன்னுமொரு ஞாயிறு வேணுமாயிருந்தது."

பிறகு நீரே கேட்டீர். "அந்தப் பிழையான ரோட்டில என்ன இருந்தது? எனக்கு வடிவாத் தெரியேல்லை."

கோபத்தில் நான் எதையும் பார்த்திருக்கவில்லை. "ரெண்டு வெள்ளைக் குதிரை நிண்டது" என்றேன்.

"வேலிக்குக் கிட்டவோ?"

"ஓம். தலையை வெளியால நீட்டிக்கொண்டு."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர். அடுத்த கிழமை நீர் இல்லை.

செத்தவீடு முடிந்து ஒரு மாதத்தின் பின், என்னுடைய காரில் தனியே அந்த ரோட்டைத் தேடிப் போனேன். கம்பிவேலி, துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி, காற்றுக்கு ஒரு பக்கம் சாய்ந்த யூக்கலிப்டஸ் மரங்கள், ஒரு சரிவு முழுக்க மஞ்சள் பூ. குதிரை எதுவும் இல்லை. இறங்கி, கடைசி வரை நடந்து, ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். நீர் கேட்ட அன்று உமக்குச் சொல்ல இதில் ஒன்றுகூட என்னிடம் இருக்கவில்லை.

இப்போது அந்த ரோட்டை முதலிலிருந்து கடைசி வரை என்னால் சொல்ல முடியும். அதில் என்ன இருந்தது என்று உம்மைத் தவிர வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.