சர்க்கார் கணக்கில் நான் எழுத்தறியாதவள்

10 பிப்ரவரி 1961, வெள்ளி

இன்று என்னைத் தற்குறி என்று எழுதிவிட்டார்கள். எழுதச் சொன்னவன் என்னுடன் பிறந்த தம்பி, தோல் மண்டி அப்துல் வாஹித். எழுதியவர் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் அந்தோணிமுத்து. ஒரு வார்த்தை கேட்கப்படாதவள் நஜ்முன்னிசா ஆகிய நான். கதவுத் திரைக்குப் பின்னால்தான் நின்றேன், கையில் இன்றைய பேப்பரோடு.

வாத்தியார் கேட்டார்: "அக்கா படிச்சவங்களா?"

"அக்காவா? பள்ளிக்கூடத்து வாசல மிதிச்சதில்ல சார். ஓதத் தெரியும், அம்புட்டுதான்."

"உங்க சம்சாரம்?"

"ஷரீஃபா ரெண்டாங் கிளாஸ் வரைக்கும் போயிருக்கா."

முடிந்தது. தம்பி பெண்டாட்டி எழுத்தறிந்தவள், நான் அறியாதவள். நான் வாய் திறப்பதற்குள் ஜும்மா தொழுகைக்கு நேரமாச்சு என்று தம்பி எழுந்துவிட்டான்.

படித்தவளா என்பது ஒரு கேள்வி. படிக்கத் தெரியுமா என்பது வேறு கேள்வி. இந்த வித்தியாசம் ஒரு வாத்தியாருக்குத் தெரிய வேண்டாமா? சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் அரபுத்தமிழ் படித்தேன். எழுத்து அரபு, பேச்சு தமிழ். தமிழ் எழுத்தை யாரும் சொல்லித் தரவில்லை. பொட்டலம் மடித்து வந்த தாளிலும் பூட்டுக்கடைப் பலகையிலும் நானே பிடித்துக்கொண்டேன். இந்த நோட்டை இதுவரை அரபுத்தமிழில் வலமிருந்து இடமாக எழுதிவந்தேன். இன்று முதல் தமிழ் எழுத்தில், இடமிருந்து வலமாக. சர்க்கார் பார்க்கட்டும்.

பார்க்கமாட்டார்கள். இருந்தாலும்.

மாலையில் தம்பியிடம் திருத்தச் சொன்னேன். சிரிக்கிறான். "ஏன்க்கா, எழுத்து தெரியும்னா கவர்மென்ட்ல விருந்தா வைக்கப் போறான்?"

விருந்து யாருக்கு வேண்டும்? பின்னால் எவனாவது உட்கார்ந்து, இந்த ஊரில் எத்தனை பொம்பளைக்கு எழுத்துத் தெரியாது என்று கூட்டும்போது அதில் நானும் ஒரு தலையா? மௌத்தான பிறகு எழுந்துவந்து மறுத்துப் பேச முடியுமா?

மார்ச் முதல் வாரம் வாத்தியார் சரிபார்க்க மறுபடி வருவாராம். அதற்குள் தம்பி வாயாலேயே திருத்த வைக்கிறேன். அதுவரை எனக்குப் படிக்கத் தெரியாது. தெரியாதென்றால் தெரியாதுதான்.

11 பிப்ரவரி

தம்பிக்குக் கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது. கண்ணாடி போட்டால் கிழவனாகிவிடுவானாம். அதனால் தினமும் பேப்பர் படித்துக் காட்டுவது நான்தான். இன்று நீட்டினான்.

"எனக்கு ஏதுப்பா படிப்பு? படிச்சவ உள்ளே இருக்கா."

ஷரீஃபா வந்தாள். படத்தைப் பார்த்துத் தலைகீழாகப் பிடிக்காமல் தப்பித்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"மந்திரி ஒருத்தர் பாலம் தொறந்து வச்சாராம்."

"எங்க?"

"வடக்க. பெறகு, மதுரையில நல்ல மழையாம்."

"தை மாசத்துலயா?"

"அதான் பேப்பர்ல போட்டிருக்கான்!"

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால் என்று இருவரும் நம்பினார்கள்.

12 பிப்ரவரி

மழைக்குப் பயந்து தம்பி ஈரத் தோலையெல்லாம் உள்ளே அடுக்கச் சொன்னானாம். மண்டி நாறுகிறதாம். எனக்கென்ன தெரியும், தற்குறி.

13 பிப்ரவரி, திங்கள்

நத்தத்தில் நிக்காஹ். நோன்பு பிறப்பதற்கு முந்திய கடைசிக் கல்யாணம். தம்பி நேற்றே போய்விட்டான். நானும் ஷரீஃபாவும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கிளம்பத் தயாராக ஒரு வண்டி. பலகையில் கொட்டை எழுத்தில் செம்பட்டி. நத்தம் கிழக்கே, செம்பட்டி மேற்கே.

"இதுதானா?" என்று அவளையே கேட்டேன்.

ஷரீஃபா பலகையைச் செத்த நேரம் பார்த்தாள். "இதான் மதினி, ஏறுங்க."

ஏறினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். காற்று நன்றாக வந்தது.

ஊர் எல்லை தாண்டித்தான் கண்டக்டர் எங்களிடம் வந்தான். நத்தம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டான். "ஏம்மா, இம்புட்டுப் பெரிய போர்டைப் படிக்கலையா?"

"எனக்குத் தெரியாதுப்பா. சர்க்கார்லயே எழுதியாச்சு."

நடுரோட்டில் இறக்கிவிட்டான். புளியமரத்தடியில் ஷரீஃபா என்னையே பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியும்ல மதினி?"

"தெரியும்."

"பெறகு ஏன் ஏறுனீக?"

"படிச்சவ நீ ஏறச் சொன்ன. ஏறுனேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். மைல்கல்லில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "ரெண்டாங் கிளாஸ்ல எனக்கு அம்மை போட்டுச்சு மதினி. அதோட நின்னுட்டேன். எழுத்தெல்லாம் புழுவாட்டம் நெளியுது. படிச்ச பொண்ணுன்னு சொல்லித்தான் ஒங்க தம்பிக்குக் கட்டி வச்சாங்க. நிக்காஹ் ஆன நாள்லருந்து அந்தப் பேரைக் காப்பாத்திக்கிட்டு வாரேன்."

எனக்கு இருந்ததை இல்லை என்றான். இவளுக்கு இல்லாததை உண்டு என்றான். இரண்டும் ஒரே வாய். அதற்கப்புறம் அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தம்பி மேல் இரண்டு பங்காகிவிட்டது.

நத்தம் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரியாணிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். தம்பி குதித்தான். ஷரீஃபா வண்டி மாறியதை மட்டும் சொன்னாள். பலகையைப் படித்தது யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

14 பிப்ரவரி

தம்பி பேசவில்லை. நிம்மதி.

17 பிப்ரவரி, வெள்ளி

முதல் நோன்பு. பொய் ஆகாது. ஆகவே தெரியாது என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். பேப்பரை நீட்டினால், "சர்க்காரைக் கேளு" என்கிறேன். இது பொய்யில் சேராது. யோசித்துத்தான் வைத்திருக்கிறேன்.

24 பிப்ரவரி

ஷரீஃபாவும் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டாள். தலைவலியாம். தம்பி பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, சுவரில் முழங்கை இடித்துக்கொண்டான்.

"அக்கா, அந்த வாத்தியார் வந்தா நானே சொல்லித் தொலைக்கிறேன். இப்பப் படி."

"மொதல்ல சொல்லு. பெறகு படிக்கேன்."

2 மார்ச், வியாழன்

வாத்தியார் வந்தார். தம்பி வாசலிலேயே ஆரம்பித்தான்: "சார், அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். தப்பாச் சொல்லிட்டேன்."

வந்தது! திரையை விலக்கி வெளியே வந்தேன். காகிதமும் பேனாவும் வாங்கி, வலது ஓரத்தில் தொடங்கி ஒரு வரி எழுதினேன். வாத்தியார் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"இது அரபு மாதிரில்ல இருக்கு? அர்த்தம் புரிஞ்சு எழுதுறீங்களாம்மா?"

"காது கொடுத்துக் கேளுங்க." வாசித்தேன்: "அக்கா படித்தவளா என்று தம்பியைக் கேட்பது என்ன நியாயம்?"

"அட, தமிழு!"

"வேற என்ன? நான் திட்டினாலும் தமிழ்லதான் திட்டுவேன்."

கீழே அதையே தமிழ் எழுத்தில், இடது ஓரத்தில் தொடங்கி எழுதினேன். வாத்தியார் நெற்றியைத் தடவிக்கொண்டு, நல்ல மனிதர், மறுபேச்சில்லாமல் திருத்தினார். நான்தான் எட்டிப் பார்த்தேன். அடித்து எழுதியிருந்தது. சரியாகவே எழுதியிருந்தது.

அப்போது திரைக்குள்ளிருந்து ஷரீஃபாவின் குரல்: "சார், எனக்கும் மாத்துங்க. தெரியாதுன்னு எழுதுங்க."

தம்பி திரும்பினான். "ஏய், நீ ரெண்டாங் கிளாஸ்ல—"

"நோன்பு வச்ச வாயிங்க. செம்பட்டி வண்டியில ஏத்துனது நான்தான். மழைச் சேதியும் நான் விட்டதுதான்."

தம்பியின் முகத்தை எழுத எனக்குத் தெரிந்த இரண்டு எழுத்தும் போதாது. நாறிய தோலெல்லாம் அவன் கண் முன்னால் வந்திருக்கும்.

"ஒண்ணு கூடிருச்சு, ஒண்ணு கொறஞ்சிருச்சு," என்றார் வாத்தியார். "மொத்தம் மாறல."

மொத்தம் அவருக்கு.

9 மார்ச்

பொட்டலத் தாள்கள் அடுப்படியிலிருந்து காணாமல் போகின்றன. ஷரீஃபா தலையணை உறைக்குள் ஒளித்து வைக்கிறாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

21 மார்ச்

பெருநாள் முடிந்து, நத்தத்துப் புதுப்பெண்ணைப் பார்க்கப் போனோம். பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. நான் பலகையைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே. ஷரீஃபா விரலை நீட்டினாள். "செ... ம்... இது நமக்கு ஆகாது மதினி. வாங்க அந்தப் பக்கம்."

போய்ச் சேர்ந்ததும் வயிறு நிறையப் பிரியாணி.

இனி ஆக வேண்டியவை:

தம்பி கண்ணாடி வாங்க வேண்டும். அதுவரை பேப்பர் படிப்பேன், மழைச் செய்தி இல்லாமல். இந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பதை இனி அவன் சொல்லக் கூடாது.

அந்தோணிமுத்து வாத்தியார் அடுத்த வீட்டில் "படிச்சவங்களா" என்று கேட்கக் கூடாது. "எழுதப் படிக்கத் தெரியுமா" என்று கேட்க வேண்டும், அந்த ஆளிடமே.

ஷரீஃபா 'செ'யைத் தாண்ட வேண்டும். நத்தத்தின் 'ந' பக்கத்துப் பலகையில்தான் இருக்கிறது.

சர்க்கார் பத்து வருஷம் கழித்து மறுபடி வர வேண்டும். வரும்போது இந்த வீட்டில் இரண்டு பெண்களையும் எழுத்தறிந்தவர்கள் என்று எழுத வேண்டும்.

எழுதுகிறார்களா என்று எட்டிப் பார்க்க நான் உயிரோடு இருக்க வேண்டும். அதை வேறு யாரிடமும் விட முடியாது.