உதடு அசையாமல்

ஜூன் 2

பால், சோப்பு, சமையலறைக்கு ஒரு பல்பு. இன்றைய வரவு செலவு எழுதி மூடியாயிற்று. இடது காதில் இரைச்சல் நிற்கவில்லை. ஃபோனை அந்தப் பக்கம் வைத்தால் அக்கா எங்கேயோ பாதாளத்திலிருந்து பேசுகிறாள். நேற்று துணி உலர்த்தும்போது தலை சுற்றிக் கொடியைப் பிடித்துக்கொண்டேன். கொடி தாங்கியது.

ஜூன் 5

காது டாக்டரைப் பார்த்தோம். ஒரு கம்பியைத் தட்டி என் நெற்றியில் வைத்து, “எந்தப் பக்கம் கேக்குது?” என்றார். வலது என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

“காது நரம்புல ஏதாவது வளருதான்னு பாக்கணும். தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க.”

“அது இல்லாம பாக்க முடியாதா?”

“அது இல்லாம நான் ஜோசியம்தான் சொல்லணும். கட்டி இருந்தா மூளைப் பக்கம் நகர்றதுக்குள்ள தெரிஞ்சாகணும்மா.”

குழாய்க்குள் படுக்கவேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு மகள்தான் ஃபோனில் படம் காட்டினாள். பார்த்ததும் எனக்கு மூச்சு முட்டியது. வெறும் படத்துக்கே.

குளியலறையில் நான் தாழ்ப்பாள் போடுவதில்லை. வாளியில் தண்ணீர் பிடித்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் குளிப்பேன். லிஃப்டில் ஏறமாட்டேன். இவர் லிஃப்ட் மெக்கானிக். “ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் நான் ஓட வைக்கிறேன், இவ படியேறி வந்து நிக்கிறா” என்று இவர் சொல்லாத கல்யாண வீடு இல்லை. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஏன் சிரித்தேன்?

ஜூன் 9

பேனா அழுந்தித் தாள் கிழிகிறது. பயம் எல்லாம் இல்லை, ஆத்திரம்.

படம் எடுக்கும் அம்மாளுக்கு என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கும். கொண்டை ஊசி, வளையல், எல்லாம் கழற்றச் சொன்னாள். காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்தாள். பலகையில் படுத்ததும் முகத்துக்கு மேலே ஒரு கூண்டை வைத்து ‘டக்’ என்று மாட்டினாள். நாய்க்கு வாய்க்கூடு போடுவதுபோல! அதை யாராவது முன்னாலேயே சொன்னார்களா? கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, “முடியலைன்னா அமுக்குங்க” என்றாள்.

பலகை உள்ளே போனது. தோள் இரண்டும் சுவரில் உரசியது. மூக்குக்கு மேலே வெள்ளைக் கூரை. அவ்வளவுதான். அமுக்கினேன் அமுக்கினேன் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

வெளியே இழுத்தார்கள். “இன்னும் மெஷினையே ஆரம்பிக்கலைம்மா” என்றாள்.

இவர் வெளியே பெஞ்சில் இருந்தார். “அதுக்குள்ள முடிஞ்சுதா?” முடியவில்லை என்று தெரிந்ததும், “சும்மா மல்லாக்கப் படுத்துக் கிடக்கறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? குழந்தைங்ககூட எடுத்துட்டுப் போகுதுங்க” என்றார். வராந்தாவில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த முதுகோடு நான் நின்றேன்.

மயக்கம் கொடுத்து எடுக்கலாமாம். மயக்க டாக்டர் இந்த மாதம் இல்லையாம். அடுத்த மாதமும் சந்தேகமாம். அதுவரை நரம்பில் இருப்பது எனக்காகக் காத்திருக்குமா?

ஜூன் 10

சாப்பாடு போட்டேன். பேசவில்லை.

ஜூன் 12

நாத்தனார் ஃபோன். செய்தி எப்படிப் போயிற்று என்று கேட்கவே வேண்டாம், இவர் வாய்தான்.

“என்ன அண்ணி, நீங்க விடியுமுன்னே எந்திரிச்சு சாமி கும்பிடறவங்க. உங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னா எங்களை மாதிரி ஆளுங்க என்ன பண்றது?”

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஊசியைத் தேனில் தோய்த்தாலும் ஊசிதானே.

நம்பிக்கைக்கும் மூச்சு முட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? சாமி கும்பிடுகிறவளுக்குத் தலை வலிக்கக்கூடாதா, கால் சுளுக்கக்கூடாதா? அதற்கெல்லாம் “ஐயோ பாவம்” என்கிறார்கள். இதற்கு மட்டும் பக்தியை அளந்து பார்க்கிறார்கள். எப்பொழுதிலிருந்து இந்தப் பயம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துதான் ஆகவேண்டுமா?

ஜூன் 16

பெருமாளே, என்ன செய்துவிட்டாய்.

இரண்டாவது தடவை. டாக்டர் முன்னதாகப் போட்டுக்கொள்ள ஒரு சின்ன மாத்திரை கொடுத்திருந்தார். கண்ணில் துண்டைப் போட்டுக்கொள் என்று மகள் யோசனை சொன்னாள். கூண்டு மாட்டுவதற்கு முன்பே கண்ணைக் கட்டிக்கொண்டேன். உள்ளே போனேன். மெஷின் கத்த ஆரம்பித்தது. தகரத்தைச் சுத்தியால் அடிப்பது மாதிரி, பிறகு தரையைத் துளை போடுவது மாதிரி. நான் நாமத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று முடிய மறுபடி முதலிலிருந்து. விடவே இல்லை. நடுவில் எங்கிருந்தோ “அசையாதீங்கம்மா” என்று குரல் வந்தது. நான் அசையவே இல்லையே! கை, கால், ஒரு விரல்கூட. வேறு யாருக்கோ சொல்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே வேறு யார் இருக்கிறார்கள்?

கடைசிவரை இருந்தேன். பந்தை அமுக்கவில்லை. வெளியே வந்து உட்கார்ந்தபோது எனக்கு ஒரு கம்பீரம். நாத்தனாருக்கு நானே ஃபோன் பண்ணவேண்டும் என்றுகூடத் தோன்றியது.

படம் எடுக்கும் அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். “எல்லாம் கலங்கலா வந்திருக்கும்மா. வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்தீங்க. தாடை அசைஞ்சா தலையும்தான் ஆடும். காது நரம்பு நூல் மாதிரி, கொஞ்சம் ஆடினாலும் தெரியாது.”

“நான் சாமி பேரைத்தாங்க சொன்னேன்.”

“சத்தமாவா?”

“சத்தம் வரல. முணுமுணுன்னு.”

“முணுமுணுன்னுதான் வந்திருக்கு படமும்” என்றாள்.

இவர் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

ஜூன் 17

சாமி அலமாரியைத் திறக்கவில்லை. திறக்கப் போவதும் இல்லை.

உன்னைக் கூப்பிட்டதால்தான் கெட்டது. கூப்பிடாமல் கத்தியிருந்தால் அப்பொழுதே வெளியே வந்திருப்பேன், அவமானம் ஒன்றோடு போயிருக்கும். அங்கே கிடந்து, தாங்கி, உன்னையே நம்பி, கடைசியில் எல்லாம் வீண். உனக்கு இது விளையாட்டா?

வாய் அசையாமல் எனக்கு ஒன்றும் வராது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. மகள் முதல் வகுப்பு போனபோது அவள் பாடப் புத்தகத்தைப் பார்த்து நானாக எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் வைத்துப் பார்த்தால்தான் அது மூளைக்குப் போகும். கணக்கும் அப்படியே. “பேப்பரை நீ படி, உன் வாயைப் பார்த்தே நான் செய்தி தெரிஞ்சுக்கறேன், கண்ணாடி எடுக்கற வேலை மிச்சம்” என்று இவர் கேலி செய்வார். வாயை மூடிக்கொண்டு எப்படிக் கும்பிடுவது? ஊமை கும்பிட்டால் கேட்கும் உனக்கு, என் உதட்டை மட்டும் ஏன் இப்படி வளர்த்தாய்?

ஜூன் 20

ஒத்திகை. கட்டிலுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுக்கிறேன். மகள் டார்ச் அடித்து என் வாயைப் பார்க்கிறாள். உதடு அசைந்தால் காலில் தட்டுவாள். மளிகைக் கணக்கை மனத்துக்குள் கூட்டினேன், தட்டினாள். நாமம் சொன்னேன், தட்டினாள். பாட்டு நினைத்தேன், அதற்கும் தட்டினாள்.

“அம்மா, ஒண்ணுமே நினைக்காம இரேன்.”

“ஒண்ணும் நினைக்காட்டா கூரை இறங்குதுடி.”

கட்டில் பலகை மூக்கைத் தொட வருகிற மாதிரியே இருக்கிறது. உருண்டு வெளியே வந்துவிட்டேன். தலையெல்லாம் ஒட்டடை. பார்த்துப் பார்த்துப் பெருக்குகிற வீட்டில், கட்டிலுக்கு அடியில் இவ்வளவு ஒட்டடையா? அதுவும் ஒரு எரிச்சல்.

ஜூன் 22

ராத்திரி சாப்பாட்டில் இவர் ஆரம்பித்தார். “மூணாவது தடவையும் பணம் கட்டணுமா? இந்தத் தடவையாவது வாயை மூடிக்கிட்டுப் படுப்பியா? கல்யாணம் ஆனதிலேர்ந்து நான் எதிர்பார்க்கறது அதுதான்.”

ரசத்தை ஊற்றினேன், மோரை ஊற்றினேன், தட்டை எடுத்தேன். உள்ளுக்குள் மட்டும் இவரை உட்கார வைத்து, நிற்க வைத்து, உன் அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்தேனே என்று தொடங்கி, வராந்தாவில் சிரித்தாயே என்பது வரை ஒன்று விடாமல் கேட்டு முடித்தேன்.

பாத்திரம் கழுவும் இடத்துக்கு மகள் வந்தாள். “அம்மா! இவ்வளவு நேரமா அப்பாவைத் திட்டிக்கிட்டுதானே இருந்தே?”

“யாரு சொன்னா?”

“உன் கண்ணு சொல்லுது. ஆனா வாய் துளிகூட அசையலம்மா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

கும்பிட உதடு வேண்டும். கூட்ட, கழிக்க வேண்டும். திட்டுவதற்கு மட்டும் வேண்டாம்! எத்தனை வருஷப் பழக்கம்.

ஜூன் 25

மூன்றாவது தடவை.

கூட ஒருவர் வந்து காலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மாளே இன்று சொன்னாள். முதல் நாளே சொன்னால் என்ன குறைந்துவிடும்? மகளுக்குப் பரீட்சை. இவர்தான் வரவேண்டும். உலோகம் எதுவும் கூடாது என்றதும் இவர் பையைக் காலி செய்ய ஆரம்பித்தார். திருகு, மரை, வாஷர், சாவி, மறுபடி திருகு. தட்டு நிறைந்துவிட்டது. “வீட்டுக்காரரே, உங்களைக் காந்தம் அப்படியே சுவத்துல ஒட்ட வெச்சிருக்கும்” என்றாள் அந்த அம்மாள். இந்த முறை நான் சிரித்தேன்.

துண்டு. கூண்டு. டக். பலகை உள்ளே போனது. கணுக்காலில் இவர் கை. சொரசொரப்பு, கிரீஸ் வாடை.

தோள் உரசியதும் பந்தை அமுக்க விரல் மடங்கியது. ஆரம்பித்தேன். முதலில் இவர். காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே. பிறகு நாத்தனார், அந்த ‘நம்பிக்கை’க்காக. பிறகு ஜோசியம் சொல்ல மறுத்த டாக்டர். பிறகு கூண்டு மாட்டியவள். தகரம் அடித்தது, துளை போட்டது, நான் நிறுத்தவில்லை. வராந்தாவில் வேடிக்கை பார்த்தவர்களைக்கூட விடவில்லை. எல்லோரும் தீர்ந்துபோனார்கள். மெஷின் தீரவில்லை. கூரை இறங்குகிறது என்று துண்டைத் தாண்டியே தெரிந்தது.

பாக்கி அவன் ஒருவன்தான்.

அவனைக் கேட்டேன். என் காதை ஏன் எடுக்கிறாய்? உன் பாட்டைக் கேட்டதற்கா? உள்ளே கட்டியை வைத்தவன் நீதான் என்றால் வெளியே நின்று வேடிக்கை பார்க்காதே, இங்கே வந்து படு, இந்த இடத்தில் உன்னால் படுக்க முடியுமா பார். நாலு கை இருந்தால் நாலும் சுவரில் இடிக்கும். இரண்டு பெண்டாட்டியோடு அலமாரியில் வசதியாக இருக்கிறாய்— இப்படியே போனது. ஒருமையில்தான். இவ்வளவு நேரம் அவனோடு நான் தனியாகப் பேசியதே இல்லை. அவன் குறுக்கே பேசவும் இல்லை.

பலகை நகர்ந்தபோது, ‘இரு, நான் இன்னும் முடிக்கல’ என்றுதான் தோன்றியது.

“கண்ணாடி மாதிரி வந்திருக்கும்மா. சிலை கணக்காப் படுத்திருந்தீங்க” என்றாள் அந்த அம்மாள். “என்ன நினைச்சுக்கிட்டிருந்தீங்க?”

“சாமியைத்தான்” என்றேன்.

இவர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். காதைத் தேய்த்துக்கொண்டார். “என்ன சத்தம்டி அது” என்றார். திருகுகளை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார், நான்தான் தட்டோடு எடுத்து வந்து கொடுத்தேன்.

ஜூன் 26

சாமி அலமாரியைத் திறந்தேன். தூசி. துடைத்தேன். பேச்சு இன்னும் இல்லை.

ஜூலை 1

முடிவு வாங்கப் போனோம். டாக்டர் அறை மூன்றாவது மாடி. நான் படியேறினேன். இவரும் லிஃப்டை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பின்னாலேயே படியேறினார், இளைத்துக்கொண்டு.

டாக்டர் வர நேரமாகும் என்று உறையை என் கையில் கொடுத்துவிட்டார்கள். இவர் சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

“படி. என்ன போட்டிருக்கு?”

பிரித்தேன். ஆங்கிலத்துக்குக் கீழே தமிழில் சுருக்கமாக எழுதியிருந்தார்கள். அதன் முதல் வரியிலிருந்து நிதானமாகப் போனேன். இடது காது நரம்பில் ஒரு வளர்ச்சி. பட்டாணி அளவு. புற்றுக்கான அடையாளம் இல்லை. மூளையைத் தொடவில்லை. மெதுவாக வளரும் வகை. ஆறு மாதத்தில் மறுபடி இதே படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும்.

மறுபடி. சரி. அவனிடம் சொல்வதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

“என்னடி, என்ன எழுதியிருக்கு? சொல்லேன்.”

நிமிர்ந்து பார்த்தேன். இவர் தாளைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை. பார்த்துப் பார்த்துத் தேடினார், ஒரு எழுத்தும் கிடைக்கவில்லை.

கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன். அவசரமில்லாமல். பிறகு தாளை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, வாயைத் திறந்து சொன்னேன்.