மேற்படி மாணவி

மதிப்பிற்குரிய ஆங்கிலத் துறைத்தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாள் முதல் உங்களுக்கு 'நீ' என்றே எழுதி வந்தேன். இன்று பேனா அதற்கு இணங்கவில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நட்புக்கான விசாரிப்பு இத்துடன் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

என் மனைவி ஐம்பதை நெருங்கும் வயதில் உங்கள் பல்கலைக்கழகத்தின் உயர்நிலை ஆங்கிலப் படிப்பில் சேர்ந்தபோது, அவளுக்குப் பரிந்துரைக் கடிதம் தந்தவர் நீங்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "பயப்படாதீங்க தங்கச்சி, அங்க நான் இருக்கேன்ல" என்று சொன்னவரும் நீங்களே. போன வாரம் வந்த அலுவல் கடிதத்தில் அதே தங்கச்சி 'மேற்படி மாணவி' ஆகிவிட்டாள். மேற்படி மாணவி தந்த கட்டுரை அவரே எழுதியதாகத் தோன்றவில்லையாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட கணவரின் கை அதில் இருக்கலாமாம். வியாழக்கிழமை விசாரணைக்கு நேரில் வராவிட்டால் பெயர் நீக்கப்படுமாம். கீழே உங்கள் கையெழுத்து, எப்போதும் போல் அழகாக.

நீங்கள் தந்திருக்கும் காரணத்தை மூன்று முறை படித்தேன். இந்தப் படிப்புக்கு வருபவர்கள் நீட்டி முழக்கி, சொல்லை அடுக்கித்தான் எழுதுவார்கள். ஒரு சொல்லும் மிகாமல் எழுதப் பல ஆண்டுக் கைப்பழக்கம் வேண்டும் என்கிறீர்கள். முற்றிலும் சரி. அந்தக் கைப்பழக்கம் யாருடையது என்று மட்டும் நீங்கள் யோசிக்கவில்லை.

அவள் அறுவைசிகிச்சை வார்டின் தலைமைச் செவிலியர். இருபத்தாறு ஆண்டுகளாக ஒவ்வொரு டியூட்டி முடிவிலும், அடுத்து வருபவருக்காக ஆங்கிலத்தில் குறிப்பு எழுதி வைக்கிறாள்: படுக்கை எண், நேரம், பார்த்தது, செய்தது. நினைத்ததை எழுதக் கூடாது, பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும் என்பது அங்கே விதி. ஒரு சொல் கூடினால் அவசரத்தில் யாரும் படிக்கமாட்டார்கள். ஒரு சொல் குறைந்தால் யாரோ ஒருவருக்கு மருந்து தவறிப்போகும். உங்கள் துறையில் எத்தனை பேர் இந்தப் பொறுப்போடு ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

என் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பத்திரங்களையும் நீதிமன்ற ஆவணங்களையும் மொழிபெயர்ப்பவன். "உன் வாக்கியத்துல ஏறிட்டா இறங்குறதுக்கு ஸ்டாப்பிங்கே இல்லடா" என்று என்னை முப்பது ஆண்டுகளாகக் கேலி செய்துவிட்டு, இப்போது இந்தக் கட்டுரையை என் தலையில் கட்டுகிறீர்கள்.

தலைப்பு, 'நான் நன்கறிந்த ஓர் அறை'. அவள் எங்கள் சாப்பாட்டு அறையை, வார்டுக் குறிப்பு எழுதுவது போலவே எழுதியிருக்கிறாள். நீங்கள் படித்ததுதான், ஆனாலும் தமிழில் ஒரு முறை படியுங்கள்: 'எட்டு மணி. அவர் நாற்பது நிமிடம் பேசினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். உப்பு எங்கே என்று. எடுத்துத் தரப்பட்டது. நிலையில் மாற்றம் இல்லை.' இதை நானே என்னைப் பற்றி எழுதியிருப்பேன் என்று நம்புகிறீர்கள் என்றால், என் நேர்மையை நீங்கள் அளவுக்கு மீறி மதிக்கிறீர்கள்.

இனி எழுதப் போவது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இதை மறைத்துவிட்டு உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கட்டுரையை உங்களுக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள் அவள் என்னிடம் தந்தாள். படித்துப் பார்க்கச் சொன்னாள். படித்து முடித்து, நிமிர்ந்து, நான் கேட்ட முதல் கேள்வி: "யார் எழுதிக் கொடுத்தா?"

அவள் தாள்களை வாங்கி, ஓரம் மடங்காமல் பையில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து தேவையானதை மட்டும் பேசுகிறாள்.

உங்கள் கடிதம் வந்ததும் நான்தான் கொதித்தேன். நானும் கூட வருகிறேன், அங்கே நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீங்களும் படிச்சவங்க, அவரும் படிச்சவர். ரெண்டு பேருக்கும் ஒரே சந்தேகம். இதுல நான் வந்து யாருக்குப் பதில் சொல்லணும்?" வியாழக்கிழமை வரமாட்டாளாம். படிப்பை விட்டுவிடுவதாகவும் சொல்லிவிட்டாள். பாடப் புத்தகங்களை அலமாரியின் மேல்தட்டில், நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் இடத்தில் வைத்திருக்கிறாள்.

ஆகவே நான் சாட்சி சொல்ல வரவில்லை. இந்த வழக்கில் என் சொல்லுக்கு மதிப்பில்லை. உங்களுக்கு ஐயம் இன்னும் தீரவில்லை என்றால், ஏதேனும் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு, டியூட்டி மாறும் நேரத்தில், எங்கள் ஊர் மருத்துவமனைக்கு வாருங்கள். இருபது படுக்கைகளின் நிலவரத்தை அவள் நின்றபடியே எழுதி முடிப்பதை ஓரமாக நின்று பாருங்கள். குறுக்கே மட்டும் பேசாதீர்கள். ஐயம் தீர்ந்துவிட்டது என்றால், குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்புங்கள். உறையின் மேல் என் பெயர் வேண்டாம். அவள் பெயருக்கே எழுதுங்கள். 'வருந்துகிறோம்' என்று துறையின் பின்னால் ஒளிந்துகொள்ளாமல், நான் தவறு செய்தேன் என்று எழுதுங்கள்.

வியாழக்கிழமைக்குள் அது அவள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த வயதில் ஓர் ஆண் 'நான் தவறு செய்தேன்' என்பதை எப்படி எழுதுவான் என்று நானும் ஒரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
அவள் கணவன்