டெமோ மிஸ்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலயே வெயில் மண்டையைப் பிளக்குது. திருவண்ணாமலைல அந்த பிரைவேட் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு டெமோ கிளாஸ். ஒன்பதாவது பி. ஹெச்.எம். மேடம் குடுத்த பாடம்: ஹிஸ்டாரிக்கா ஹிஸ்டாரிக்கலா, எகனாமிக்கா எகனாமிக்கலா, எதை எங்க போடணும். ஒரு பீரியட்னாங்க, மூணு எடுக்க வச்சாங்க. பரவால்ல. சரித்திரத்துல நிக்கிற மாதிரி பெருசுன்னா ஹிஸ்டாரிக், நாட்டுப் பொருளாதாரம்னா எகனாமிக், சிக்கனம்னா எகனாமிக்கல்னேன். ஒருத்தி: "எங்கம்மா எகனாமிக்கல் மிஸ். ஒரே தக்காளில ரசம் வைப்பாங்க." இன்னொருத்தன்: "எங்கண்ணன் பத்தாவது பாஸானது ஹிஸ்டாரிக் மிஸ்." ஒரே சிரிப்பு. பிடிச்சுக்கிட்டாங்க.

ஹெச்.எம். சிரிச்சுக்கிட்டே: "கரஸ்பாண்டன்ட் சார் உங்க கிளாஸைப் பாக்கல. நாளைக்கும் வாங்க."

ஜூலை 9, புதன்

சார் இன்னிக்கும் வரல. கிளாசிக், கிளாசிக்கல் முடிச்சேன். டெஸ்ட் வேற வைக்கச் சொன்னாங்க, பேப்பர் வீட்ல திருத்தணுமாம். டெமோவுக்கு எதுக்கு டெஸ்ட்? கேக்கல. வாயில என்ன கொழுக்கட்டையா எனக்கு?

வீட்டுக்காரர்: "இதுவும் இல்லன்னா திங்கக்கிழமை நம்ம உரக்கடைல வந்து உக்காரு." எம்.ஏ., பி.எட். படிச்சது யூரியா மூட்டைக்கு பில் போடவா? இந்த வேலை கிடைச்சே ஆகணும்.

வாங்கணும்: முட்டை, சோப்பு, சிவப்பு பேனா.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான். கிரிவலக் கும்பல்ல இடிபட்டு நடந்தே போனேன். திருத்தின பேப்பர் குடுக்கறப்ப முதல் பெஞ்சுப் பொண்ணு: "மிஸ், டென்ஸ் ஒரு டெமோ மிஸ் எடுத்தாங்க. இது நீங்க. ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸுக்கு எந்த டெமோ மிஸ் வருவாங்க?"

என்னடி சொல்றேன்னேன். ஸ்கூல் திறந்ததுலேந்து இவங்களுக்கு இங்கிலீஷ் டீச்சரே இல்லையாம். பாடத்துக்கு ஒரு டெமோ மிஸ். ஒருத்தரும் அப்புறம் வரலையாம்.

உடம்பெல்லாம் எரிஞ்சுது. சம்பளமே குடுக்காம போர்ஷன் முடிக்கிறாங்க, பாவிங்க! ஹெச்.எம். ரூமுக்குப் போய்க் கேட்டேன். "சொல்லி அனுப்பறோம்மா." அதே சிரிப்பு. அந்த மூஞ்சிலயே... வேணாம், எழுத வேணாம்.

ஜூலை 11, வெள்ளி

மனசு ஆறல. வர்றவகிட்டயாவது சொல்லணும்னு ஸ்கூல் கேட்ல போய் நின்னேன். ஆட்டோல வந்து இறங்கினா ஒருத்தி. புதுப் புடவை, கையில ஃபைல்.

"டெமோவாங்க?"

"ஆமாங்க. வாய்ஸ் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

எல்லாத்தையும் சொன்னேன். இவங்க யாருக்கும் வேலை குடுக்க மாட்டாங்க, ஓசில பாடம் நடத்திக்கிறாங்க, உள்ள போகாதீங்கன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"போன டெமோக்காரங்களுக்கு இங்கிலீஷே வரல, பசங்களே கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்கன்னு மேடம் போன்ல சொன்னாங்க. அது நீங்கதானா?"

உள்ள போயிட்டா.

எனக்கா? எனக்கா இங்கிலீஷ் வரல?