சாம்பிள் யுத்தம்

திருப்பூர்,
ஜூன் 9, 2025

அன்பு அம்மிணி சத்யப்பிரியாவுக்கு,

நலம். நீ நலமா? இதில் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். சென்னிமலை முருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நீயும் நம்பமாட்டாய். இருந்தாலும் முழுதாகப் படி. என் போன் வீரமரணம் அடைந்துவிட்டதால் கடிதம். பல்லடம் பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதுவதால் எழுத்துக் கோணல்.

பனியன் கம்பெனி சாமியப்பன் வெப்சைட் கேட்டு, "சாம்பிள் பார்க்கிறேன்" என்று உன்னிடம் வாங்கி, அதையே ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு, நீ கேட்ட நாற்பதாயிரத்துக்கு ஐயாயிரம் நீட்டினான் அல்லவா? உன் தாய்மாமன் கந்தவேல், கட்டிங் மாஸ்டர்களின் சக்கரவர்த்தி, போன வாரம் அவன் கம்பெனி மீது படையெடுத்தேன். படையில் நான் ஒருவன்தான்.

"ஏனுங்க, புள்ளையோட கூலி கேட்டு வந்தனுங்க."

"சாம்பிளுக்கு எவன்யா காசு குடுப்பான்? அஞ்சாயிரம் வாங்கிட்டு நடையக் கட்டு."

"நாப்பதுல ஒரு பைசா கொறையாதுங்க!"

அவ்வளவுதான். பன்னிரண்டு தடியர்கள் பாய்ந்தார்கள். முதல் ஆளை நூல் கோன்களுக்குள் தலைகீழாக நட்டேன். அடுத்தவனைத் துணி ரோலில் சுருட்டி லாரியில் ஏற்றினேன். இந்நேரம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னருக்குள் கிடப்பான். கத்தரிக்கோல்கள் வௌவால் கூட்டமாகப் பறந்தன. ஒருவனுக்குக் காது போயிற்று, ஒருவனுக்கு மூக்கு. தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் அவசரத்தில் அவற்றை ஆள் மாற்றித் தைத்து அனுப்பினார்கள். கட்டிங் மெஷினை வாளாகச் சுழற்றினேன். ஓடிய ரத்தத்தில் நொய்யல் ஆறே சிவந்தது. பாவம், பழி சாயப்பட்டறைக்காரர்கள் மேல் விழுந்தது. கடைசியில் சாமியப்பனைக் குரல்வளையில் பிடித்துத் தூக்கினேன் பார், அதைக் கண்டு பயந்த இரும்பு கேட் தானாகவே மூடிக்கொண்டது.

பணம் வரும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
ரத்தக்கறை உலராத
மாமன் கந்தவேல்


பெங்களூர்,
ஜூன் 16, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறும் நீங்கள் பன்னிரண்டு பேரை அடித்தீர்கள்! சிரித்துச் சிரித்துப் படித்தேன். அப்புறம்தான் எழுத்தைப் பார்த்தேன். பஸ் ஆடினால் வரி ஆடும். ஒவ்வொரு எழுத்தும் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல ஆகாது. சாமியப்பன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கும் பாண்டியம்மாள் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஒங்க மாமா கையக் கட்டிக்கிட்டுத்தான் நின்னாக தாயி. ரெண்டு பேரு நெஞ்சுல மிதிச்சு வெளிய தள்ளுனானுவ. போகமாட்டேன்னு கேட்டப் புடிச்சுக்கிட்டாக. வெரலோட அப்படியே இழுத்துச் சாத்திட்டானுவ. எலும்பு நொறுங்குன சத்தம் அம்புட்டு மெஷினையும் மீறிக் கேட்டுச்சு."

துணி வெட்டும் கை மாமா அது. என்னிடமா மறைத்தீர்கள்?

தப்பு என் பக்கம் ஆரம்பித்தது. பனியன் ஊரில் வளர்ந்தவள். சாம்பிளைச் சும்மா கொடுப்பதுதான் முறை என்று கொடுத்தேன். பனியனில் சாம்பிள் பிடித்துப்போனால் பின்னாலேயே பத்தாயிரம் பீஸ் ஆர்டர் வரும். வெப்சைட்டில் அந்த ஒரு பீஸ்தான் மொத்த ஆர்டரும். அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஆர்டருக்குக் காத்திருந்தேன் பாருங்கள். இனி யாராக இருந்தாலும் பாதிப் பணம் முன்னால். பழைய வேலையைத்தான் சாம்பிளாகக் காட்டுவேன்.

நாற்பது நான் வாய்க்கு வந்தபடி சொன்னது இல்லை. உழைத்த நாட்களுக்குக் கூலி, நெட், கரண்ட், அவர் கேட்டுக்கொண்டே இருந்த திருத்தங்கள், எல்லாம் கூட்டிப் போட்டது.

அந்த வெப்சைட் இன்னும் என் சர்வர் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று நிறுத்தினேன். இன்று சாமியப்பனே கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர் பார்க்க வேண்டுமாம். "எவ்வளவுன்னாலும் சொல்லும்மா" என்கிறார். இரண்டு லட்சத்துக்குப் பில் அடித்து வைத்திருக்கிறேன். நாற்பது என் வேலைக்கு, மீதி உங்கள் விரல்களுக்கு. அவர் கதற வேண்டும் மாமா. அனுப்பட்டுமா?

உங்கள்,
சத்யா


திருப்பூர்,
ஜூன் 21, 2025

அம்மிணி,

அனுப்பாதே.

நாற்பது நீ வேலையைப் பார்த்துப் போட்டது. இரண்டு லட்சம் அந்த இரும்பு கேட்டைப் பார்த்துப் போட்டது. அந்தப் பில்லைச் சாமியப்பன் கட்டிவிட்டால் என் விரலை விலைக்கு வாங்கியவன் ஆகிவிடுவான். அப்புறம் நான் எதைக் காட்டி ஸ்டேஷனில் நியாயம் கேட்பது? நாற்பதுக்கே பில் போடு. பணம் வந்த பிறகு வெப்சைட்டை ஓடவிடு.

ஆமாம், ஸ்டேஷனில் புகார் கொடுத்தாயிற்று. பாண்டியம்மாள் வேலையை விட்டுவிட்டுச் சாட்சி சொல்ல வந்தாள். "மொத்தம் எத்தனை பேருங்க அடிச்சது?" என்று ஏட்டு கேட்டார். நாக்கு நுனி வரைக்கும் பன்னிரண்டு வந்தது. "ரெண்டே பேருங்க" என்றேன். பிறந்ததிலிருந்து நான் பெருக்காமல் சொன்ன முதல் கணக்கு அது.

டாக்டர் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் புலிநகம் முளைக்குமாம், அவரே சொன்னார். இடது கையால் வெட்டப் பழகுகிறேன். முதல் பனியன் மூன்று கையோடு வந்திருக்கிறது. அப்படி ஒரு பையர் கிடைத்தால் சொல்லி அனுப்பு.

நீ அழுதுகொண்டு பஸ் ஏறி வரவேண்டாம். சிரித்துக்கொண்டு வருவதானால் வா.

முதல் கடிதத்தில் காது, மூக்கு, நொய்யல், குரல்வளை எல்லாம் புளுகு. ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். நாற்பதில் ஒரு பைசா குறையாது என்று சொன்னதாக எழுதினேனே, அது. இடத்தை மட்டும் முன்னால் மாற்றி வைத்துவிட்டேன். கேட் விரல் மேல் இறுகிக்கொண்டிருக்கும்போது சாமியப்பன் குனிந்து, "இப்பச் சொல்லு, எவ்வளவு?" என்று கேட்டான். அப்போதுதான் சொன்னேன்.

இப்படிக்கு,
மாமன் கந்தவேல்