திறந்து பார்த்த கூடை

திருச்சுழி,
14-3-1944

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் தாவீதுராஜ் அவர்களுக்கு, மாமியார் ஜெயக்கொடி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். உங்கள் சுகத்துக்காகவும், எட்டு மாதமாகச் சுமக்கிற என் மகள் இன்பராணிக்காகவும் தினமும் முழங்காலில் நிற்கிறேன்.

வருகிற சனிக்கிழமை அவளைப் பிரசவத்துக்குக் கூட்டி வருவதாக எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பி, கூட்டி வர வேண்டாம். அவள் கோவில்பட்டியிலேயே இருக்கட்டும். பிள்ளையைத் தாய்வீட்டில்தான் பெற வேண்டும் என்று ஊரெல்லாம் வாதாடியவள் நான்தான். இப்போது மாற்றிச் சொல்கிறேன். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

உங்கள் மாமா கவுதாரி வளர்ப்பது தெரிந்ததுதானே. கரட்டில் முட்டை பொறுக்கி, அடைக்கோழிக்கு வைத்துப் பொரிக்கவிட்டு, கறையான் புற்றை வெட்டி வந்து ஊட்டுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. இந்த வருஷம் நாற்பது தேறின. காரியாபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வேட்டை பங்களாவில், துரைமார் காட்டில் பறக்கவிட்டுச் சுடுவதற்காக உயிரோடு கேட்டிருந்தார்கள்.

போன வியாழக்கிழமை இருபது இருபதாக இரண்டு மூங்கில் கூடையில் அடைத்து வண்டியில் ஏற்றினார்கள். நம் தவசிதான் வண்டி ஓட்டினான். ஒரு கூடையை வைக்கோலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மற்றதை மாமா மடியில் வைத்துக்கொண்டார். வெயில் ஏறுகிறதே என்று, அடிக்கடி திறந்து பார்த்துக்கொள்ளும்படி நான்தான் சொல்லி அனுப்பினேன்.

அவரும் அப்படியே செய்திருக்கிறார். நிழல் கண்ட இடமெல்லாம் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தடவித் தண்ணீர் காட்டியிருக்கிறார். திறக்கும்போதெல்லாம் அவை எகிறி ஓரத்தில் மோதியிருக்கின்றன. போதும், விடுங்கள் என்று தவசி சொன்னதற்கு, “மூச்சு முட்டும்லடா, பாவம்” என்றாராம்.

போய்ச் சேர்ந்தபோது மடிக்கூடையில் பதினொன்று செத்துக் கிடந்தன. மீதி ஒன்பதும் கால் ஊன்ற முடியாமல் நடுங்கி, மறுநாள் மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன. வைக்கோலுக்கு அடியில், ஒருவர் கையும் படாமல் இருட்டில் கிடந்த கூடையில் ஒன்றுகூடச் சாகவில்லை. பங்களா சமையல்காரர் ஒலி முகம்மது ஒன்றை அறுத்துக் காட்டினாராம். காயம் ஏதும் இல்லை, கறி மட்டும் வெந்ததுபோல வெளுத்திருந்தது. “பயத்துலயே போயிருக்குய்யா. கை படப் பட உள்ளுக்குள்ள வெந்துருச்சு” என்றாராம்.

மாமா வந்து படுத்தவர் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. “நல்லதுதான செஞ்சேன்” என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

தம்பி, முந்தின வருஷம் இன்பராணியைக் கோவில்பட்டியிலிருந்து நான்தான் வண்டியில் அழைத்து வந்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி சொந்தக்காரர் வாசலை இறங்காமல் கடந்து போகக் கூடாது என்று பந்தல்குடி அத்தை வீட்டில் இறக்கினேன். அங்கே பதினைந்து பேர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பலகாரம் ஊட்டினார்கள். அருப்புக்கோட்டையில் மூன்று வீடு. பாளையம்பட்டியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “படுக்கணும்போல இருக்கும்மா” என்றாள். இன்னும் ஒரு வீடுதான், வராவிட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை அழாமலே பிறந்தது. கர்த்தர் சித்தம் என்று பாதிரியார் சொன்னார், நானும் சொன்னேன். வழியில் என்ன நடந்தது என்று நீங்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் இப்போது ஓடுவதோ கரி அடுப்பு வைத்த பஸ். ஏற்றத்தில் நின்றுவிட்டால் எல்லாரையும் இறக்கிவிடுகிறான். அதில் அவளை ஏற்றாதீர்கள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். சனிக்கிழமை நானே அங்கே வருகிறேன். பந்தல்குடியில் இறங்கமாட்டேன், அத்தை கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். மகளைப் பிரசவத்துக்கு அழைக்காமல் சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்தாள் என்று ஊர் பேசினாலும் பேசட்டும்.

அதுவரைக்கும் சபையார், உறவுக்காரர் என்று பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுங்கள். மருத்துவச்சி மட்டும் உள்ளே போகட்டும். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். பயம் என்னோடு இருக்கட்டும்.

கோழி தன் குஞ்சுகளை மூடுவதுபோல உங்கள் மூவரையும் கர்த்தர் தம் செட்டைகளின் கீழ் மூடிக் காப்பாராக. நான் வந்து சேரும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாதீர்கள். கதவைக்கூடத் திறக்க வேண்டாம். அவளாக எழுந்து வருகிறவரை நான் வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெயக்கொடி