வேலிக்காத்தானும் குட்டிச்சுவரும்

சண்டை போடத் தெரியாத என் அருமை அண்ணனுக்கு,

உன் சீட்டுக் கூட்டாளிகள் உன் பேரில் ஒரு கோப்பை வைத்தார்கள், தெரியுமா? அரியலூரில் ஒரு மாடி ஹாலைப் பிடித்து, ஃப்ளெக்ஸ் அடித்து, உன் போட்டோவுக்குச் சம்பங்கி மாலை போட்டு, 'சரவணன் நினைவுக் கோப்பை' என்று நடத்தினார்கள். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து உன்னை வெட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் தோள் அப்படியே இருக்கிறது.

ஃப்ளெக்ஸின் அடியில் விதி என்று ஒரு வரி. 'சுவர் வகைச் சீட்டுகளுக்கு அனுமதி இல்லை.' செத்தவனுக்குப் படையல் போட்டுவிட்டு, அவனுக்குப் பிடித்ததை மட்டும் இலையில் வைக்காமல் விடுவது எந்த ஊர் முறை?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். இது காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை. பூதமும் டிராகனும் மந்திரவாதியும் வரைந்த சீட்டுகள். ஆளுக்கொரு கட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எதிராளியின் உயிரை அடித்து அடித்துக் குறைக்க வேண்டும். அதில் சில பிராணிகள் அடிக்கவே அடிக்காது. வருகிற அடியைத் தடுக்கும், அவ்வளவுதான். கல் சுவர், எலும்புச் சுவர், முள் சுவர், ஓட்டை விட்டுத் தலையை நீட்டாத ஆமை. அந்தச் சோம்பேறிக் கூட்டத்தைத்தான் நீ தேடித் தேடிச் சேர்த்தாய்.

அம்மாவுக்குச் சீட்டு என்றால் எல்லாம் ஒரே சீட்டுதான். ஒருநாள் பெரம்பலூரில் நீங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது போனில் கத்தினாள். "சீட்டாடியே குட்டிச்சுவராப் போறியேடா!" பக்கத்தில் இருந்த கோகுல் காதில் அது விழுந்தது. உங்கள் கூட்டத்துக்குத் தலைவன் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவன் அவன். அன்றோடு உன் கட்டுக்குக் குட்டிச்சுவர் என்று பேர் வைத்துவிட்டான். "இன்னிக்கும் குட்டிச்சுவரோடதான் வந்துருக்கீங்களாண்ணே?" என்பான். உனக்கு ரோஷம் வந்ததா? சிரித்துக்கொண்டே முள் சுவரை எடுத்து வைப்பாய். "இது நம்மூரு வேலிக்காத்தான் தம்பி. வெட்டுனாலும் மொளைக்கும்."

எனக்கும் அந்தச் சுவர்களைக் கண்டால் ஆகாது. நான் டிராகன் ஆள். போனோமா, எரித்தோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும். சுவருக்கு என்ன தெரியும்? நிற்கத் தெரியும். தெருநாய்கூட ஒரு தடவையாவது குரைக்கும்.

நீயும் அப்படித்தானே இருந்தாய். நான் அரியலூருக்கு வேலைக்குப் போகக் கூடாது என்று பெரியப்பா வந்து கத்தியபோது, வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாய். அவர் ஏசியது அத்தனையும் உன் மேல்தான் விழுந்தது. நீ பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அவர் தொண்டை வற்றித் தண்ணீர் கேட்டார். நான் உன் முதுகுக்குப் பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

நெஞ்சு வலித்தபோதும் உனக்கு அதே புத்திதான். "ஒண்ணுமில்ல, வாயுதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாய். வலியையும் வாசற்படியில் நின்று தடுத்துவிடலாம் என்று உனக்கு யார் சொன்னது? ஆஸ்பத்திரிக்கு வா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எனக்கு இந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, கோப்பைக் கதைக்கு வருகிறேன். உன் கட்டைத்தான் கொண்டு போனேன். வேப்பந்தட்டையில் பஸ் ஏறியதும் என் டிராகன் ஒன்றை அதன் நடுவில் செருகினேன். உன் ஆட்களை மட்டும் நம்பி எவள் போவாள்?

கோகுல் ஓடி வந்தான். "அக்கா, ரூல் பாத்தீங்கல்ல? செவுரு போட்டா ஆட்டம் முடியாதுக்கா. எல்லாரும் பஸ் புடிக்கணும்."

"சரிங்க தம்பி. அப்ப அந்தப் போட்டோவ எறக்கிக் குடுங்க. எங்கண்ணன நான் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பின்னாலிருந்து ஒருவர், "வுடு கோகுலு, ஆடிட்டுப் போவட்டும்" என்றார். வீராதி வீரன் வேறு வழியில்லாமல் என் எதிரே உட்கார்ந்தான்.

ஓநாயை அனுப்பினான், கல் சுவரில் முட்டியது. ராட்சசனை அனுப்பினான், ஆமை நகரவே இல்லை. வேலிக்காத்தானை வெட்டினான், அடுத்த முறையே முளைத்தது. சுவரை உடைக்க ஏதாவது கிடைக்காதா என்று மந்திரச் சீட்டாகப் போட்டுப் போட்டு, கட்டிலிருந்து கூடுதலாகச் சீட்டை அள்ளினான். அப்போதுதான் என் டிராகன் கைக்கு வந்தது. அவன் பக்கம் காவலுக்கு ஒரு பிராணிகூட இல்லை. நாலே அடியில் முடித்திருக்கலாம். கை துறுதுறுத்தது, அண்ணா.

போடவில்லை. போட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? "பாத்தீங்களா, செவுரால ஜெயிக்க முடியல, டிராகன் வேண்டியிருக்கு" என்றிருப்பான். அந்தச் சந்தோஷத்தை அவனுக்கு நான் கொடுப்பேனா? டிராகனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இன்னொரு சுவரைப் போட்டேன்.

எடுக்கச் சீட்டு இல்லாதவன் தோற்றான் என்பதும் விதிதான். கோகுல் கட்டைப் பார்க்காமலே கையை நீட்டினான். விரல் வெறும் மேஜையைத் தடவியது.

"இதெல்லாம் ஒரு ஆட்டமாக்கா?" என்றான்.

"இல்லதான். நீங்கதான இவ்வளவு நேரம் உக்காந்து ஆடுனீங்க?"

அடுத்த சுற்றுக்கு நான் நிற்கவில்லை. அந்தத் தகரக் கோப்பையை யார் தூக்கிக்கொண்டு போனார்களோ. ஃப்ளெக்ஸின் அடிவரியை மட்டும் கிழித்துக்கொண்டு பஸ் ஏறினேன். மழைக்கு ஆகும் என்று அம்மா அதைக் கோழிக்கூண்டின் மேல் போட்டிருக்கிறாள். இப்போது நம் வீட்டுக் கோழிகளுக்குத்தான் சுவருக்கு அனுமதி இல்லை.

அண்ணா, இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்களோடு ஆடப் போவேன். உன் சுவர்களோடுதான் போவேன். எனக்குப் பிடித்துப்போய் அல்ல, அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக. டிராகனை உன் கட்டிலிருந்து எடுக்கவில்லை. வேலிக்காத்தானுக்குப் பின்னால் அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

உன் முதுகுக்குப் பின்னால் செருப்பு மாட்டிய தங்கச்சி,
கவிதா